எண்ணிக்கைக்கு வந்த ஆடுகள்

டன்ஃபி குடும்பம் ஊரைவிட்டுப் போனது பிப்ரவரி முதல் தேதி, பிரிஜிட் புனிதையின் திருநாள் அன்று. டெர்ரிகீலன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பாடம் கிடையாது. சதுப்பு ஓரத்தில் அறுத்துவந்த ஈரக் கோரையை மேசைமேல் பரப்பி, பிள்ளைகள் மடித்து மடித்துத் திருநாள் சிலுவை முடைந்துகொண்டிருந்தார்கள். வெளியே மழை. வாடகை வேன் ஒன்று பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி மெதுவாக வந்தது. அதன் தலையில் இரண்டு மெத்தைகள், மேலே ஒரு நீலத் தார்ப்பாய். தார்ப்பாயின் ஒரு முனை கயிற்றிலிருந்து விடுபட்டுப் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கையப் பாருங்க. ரோட்டுல என்ன வேடிக்கை?" என்றார் மாஸ்டர் கில்லோரன்.

பிள்ளைகள் குனிந்துகொண்டன. தாழ்வாரத்தில் துடைப்பத்தோடு நின்ற அட்ராக்டா ஃபீனி மட்டும் பார்த்தாள். வேனை ஓட்டிய லொரெய்ன் டன்ஃபி தலையைத் திருப்பவில்லை. பக்கத்தில் அவளுடைய மூத்த மகள் ஜேட், பத்து வயசு, கண்ணாடியில் நெற்றியை அழுத்தியபடி இருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை, நேராக அட்ராக்டாவைப் பார்த்தாள். வேன் திரும்பி மறைகிறவரை அந்தப் பார்வை மாறவில்லை.

தாழ்வாரத்தில் கோட்டு மாட்டும் கொக்கிகளில் நான்கு காலியாக இருந்தன. உள்ளிருந்து கோரை வாசனை வந்தது. வருஷா வருஷம் வருகிற வாசனைதான். அன்றைக்கு அது அவளுக்குச் சாக்கடை மாதிரி இருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். பிறகு வாளியை எடுத்து அதைக் கழுவினாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாந்தி கழுவ வேறு ஆள் கிடையாது.

அட்ராக்டாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள். அம்மா இறந்த வருஷம், கையில் வேறு வேலை இல்லாமல், அங்கேயே கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணன் ஜார்லத்தும் பண்ணிக்கொள்ளவில்லை. இருவரும் மலையடியில் அப்பா விட்டுப்போன வீட்டில், கொஞ்சம் ஆடுகளையும் கொஞ்சம் பேச்சையும் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அவளுக்கு மூக்குதான் வேலைக்கருவி. கதவைத் திறந்ததுமே எந்த மேசைக்குள் வாழைப்பழம் அழுகுகிறது, எந்தச் சுவருக்குப் பின்னால் எலி செத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முகம் வெளுக்கும் முன்பே ஒரு பிள்ளைக்கு வாந்தி வரப்போகிறது என்று தெரிந்து மணல் வாளியோடு போய் நிற்பாள். "அட்டி வந்துட்டா, யாரோ கக்கப்போறாங்க!" என்று பெரிய வகுப்புப் பையன்கள் கத்துவார்கள். உடம்பிலிருந்து வருகிற எதுவும் அவளைக் குமட்டியதில்லை. அதெல்லாம் வெந்நீருக்கும் சோப்புக்கும் போய்விடும். அவள் வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறதெல்லாம் வேறு இடங்களில். பிள்ளை கக்கியதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு "இது எந்த வீட்டுப் பிள்ள?" என்று கேட்கிற வாத்தியார். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கை குலுக்கிவிட்டு, காரில் ஏறியதும் குலுக்கியவனைப் பற்றியே பேசுகிறவர்கள். அந்த மாதிரி.

விஷயம் தொடங்கியது அதற்கு முந்தின வருஷம் மே மாதத்தில். பள்ளிக்கூடத்தில் இரண்டே வாத்தியார்கள். பெரிய பிள்ளைகளுக்கு மாஸ்டர், சின்னப் பிள்ளைகளுக்கு மிஸ் ஓர்லா பெர்ன். செப்டம்பர் கடைசி நாளில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணித் தலைநகர் டப்ளினுக்கு அனுப்ப வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் போய்விடுவார். அந்த வருஷம் பெரிய வகுப்பிலிருந்து வெளியேறுகிறவர்களைக் கழித்தால் நாலு தலை குறைந்தது. ஊரில் புதுசாகப் பிறந்ததெல்லாம் கன்றுக்குட்டிகள்தான்.

கூட்டம் போட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் ஊரின் பெரிய பின்பக்கங்கள் வழிய வழிய உட்கார்ந்திருந்தன. பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச், பெரிய பாத்திரத்தில் டீ. நிர்வாகக் குழுத் தலைவர் மலக்கி பெர்ன் எழுந்தார். மிஸ் ஓர்லாவின் அப்பா. ஊரில் பாதி மேய்ச்சல் நிலம் அவருடையது. உதவிப் பாதிரியார் முன்பு குடியிருந்த வீட்டையும் மலிவாக வாங்கிப் பூட்டிப் போட்டிருந்தார்.

"வீடு இருக்கு, ஆளில்ல. டப்ளின்ல ஆளிருக்கு, வீடில்ல," என்றார். "நாலு பிள்ளைங்க இருக்கற குடும்பமா பாத்துக் கூட்டிட்டு வருவோம். வாடகை பேருக்குத்தான். ஊருக்காக நான் செய்யறது."

கைதட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் மகள் வேலைக்காகத்தான் செய்கிறார் என்பது அந்த அறையில் இருந்த டீ பாத்திரத்துக்குக்கூடத் தெரியும். ஆனால் அதைச் சொல்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மரியாதை.

வீட்டுக்கு வந்து ஜார்லத்திடம் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கேட்டான்.

"செப்டம்பர் கடைசியில எண்ணுவாங்களா?"

"ஆமா."

"அப்ப இதுகளும் அந்த நொண்டி ஆடுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஆட்டுத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. எண்ணுகிறவர் ரோடு வழியாகக் காரில் வருவார். அவர் எண்ணி முடித்த, மலக்கியின் அப்பாவுடைய ஆடுகள் அவருக்கு முன்னால் மலைப்பாதை வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஓட்டிப்போனது ஜார்லத். முதுகில் இருந்த நீலக் குறியை மறைத்துச் சிவப்புக் குறி போட, சாய டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது அட்ராக்டா. ஒரு நொண்டி ஆடு மட்டும் ஐந்து வீட்டில் எண்ணப்பட்டது. "இந்த ஊர்ல நொண்டி ஆடு ரொம்ப ஜாஸ்தி," என்று எண்ணுகிறவர் ஒரு தடவை சொன்னார். "ஈரம் சார், கால் குளம்பு அழுகிடுது," என்றார் மலக்கியின் அப்பா, கண் இமைக்காமல். ஆடு வந்திருக்கும் வரை அதற்கு நல்ல தீனி. கார் போனதும் கல்லெறிந்து விரட்டிவிடுவார்கள்.

"மனுஷங்கள அப்படிச் செய்ய மாட்டாங்க," என்றாள் அட்ராக்டா.

"சரி," என்றான் ஜார்லத். உருளைக்கிழங்கைப் பார்த்துத்தான் சொன்னான்.

ஜூன் மாதம் மலக்கி அவளைப் பாதிரியார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்ததும் ஓத நாற்றம் முகத்தில் ஈரத்துணி போலப் படிந்தது. வடக்குப் பக்கத்து அறையில் அலமாரியை நகர்த்தியபோது, கூரையிலிருந்து தரைவரை சுவர் பூஞ்சை பிடித்துக் கறுப்பாக இருந்தது. மேலே கூரையோரத் தண்ணீர்க் குழாய் உடைந்து, மழையெல்லாம் சுவருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது.

"இது தேய்ச்சாப் போகாது, மலக்கி. கொழாய மாத்தணும். கூரைக் கல்லும் ரெண்டு போயிருக்கு."

"மாத்திடலாம், கண்ணு. கோடை முடியட்டும், ஆள் வரச் சொல்லியிருக்கேன். இப்போதைக்கு ஒரு தேய்ப்பு தேய்ச்சு, ரெண்டு கை சாயம் அடிச்சுடு. பள்ளிக்கூடம் இல்லேன்னா உனக்கும் வேலை இல்லியே."

கடைசி வார்த்தையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் ப்ளீச் ஊற்றித் தேய்த்தாள். கண் எரிந்தது, கைத்தோல் உரிந்தது. கறுப்பு மங்கிச் சாம்பலானதும் மேலே எலுமிச்சை மஞ்சள் நிறச் சாயம் அடித்தாள். கோடை முடிந்ததும் ஆள் வருவான் என்று நம்பினாள். நம்பாவிட்டால் டப்பாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

லொரெய்ன் வீடு பார்க்க வந்த அன்று காலையிலிருந்தே அடுப்பில், சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி எரிந்தது. ஒரு பாத்திரத்தில் ஆப்பிளும் கிராம்பும் கொதித்தன. அதுவும் மலக்கியின் யோசனைதான். ஊரே வாசலில் நின்றது. மாஸ்டர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்தார். காரிலிருந்து இறங்கிய பெண் ஒல்லியாக, தூக்கமில்லாத கண்களோடு இருந்தாள். பின்னாலேயே ஜேட், இரட்டைப் பையன்கள், கோடி என்கிற நாலு வயசுக் கடைசிப் பையன்.

"நாங்க ஹோட்டல்ல இருக்கோம்," என்று அவள் அட்ராக்டாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அரசாங்கம் போட்டுக்குடுத்த ஒத்த ரூம். அஞ்சு பேரும் கட்டில்மேல உக்காந்துதான் சாப்பிடுவோம். சன்னலு கூடத் தொறக்காது."

பிறகு அறைகளைப் பார்த்தாள். வடக்கு அறையில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏதோ வாசனை வருதே?"

"ஆப்பிள்!" என்றார் மலக்கி. "நம்ம அட்டி உங்களுக்காகச் செஞ்சிருக்கா. சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் டப்ளின் பக்கமே போகமாட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். லொரெய்னும் சிரித்தாள். அவள் சட்டைப் பையில் ஆஸ்துமாவுக்கு இழுக்கிற நீல மருந்துக்குழாய் துருத்திக்கொண்டிருந்ததை அட்ராக்டா அப்போதுதான் பார்த்தாள்.

"உங்களுக்கா?"

"எனக்கில்ல. கோடிக்கு. அந்த ஹோட்டல் கம்பளத் தூசிதான் காரணம். இங்க நல்ல காத்து, சரியாயிடும்."

சொல்ல வேண்டியது வாய்க்குள் வந்தது. மலக்கி பார்த்துக்கொண்டிருந்தார், மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளைகள் இன்னொரு பாட்டுக்கு வாயைத் திறந்திருந்தன. "இந்த அறை கொஞ்சம் குளிரும்," என்றாள் அட்ராக்டா. "பையன முன்பக்கம் படுக்க வைங்க." அவ்வளவுதான் வந்தது. ப்ளீச் நாற்றம் அடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

செப்டம்பர் முழுக்க டன்ஃபி வீட்டில் திருவிழா. ஒருவர் டிராக்டரில் கரிமண் கட்டி கொண்டுவந்து இறக்கினார். ஒருத்தி முட்டை கொடுத்தாள், இன்னொருத்தி தன் பிள்ளைகளின் பழைய கோட்டுகளைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்தாள். கார் இல்லாத லொரெய்னைச் சந்தைக்குக் கூட்டிப்போக வாராவாரம் போட்டி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஜேட்டுக்குத்தான் மரியாள் வேஷம் என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் அறிவித்தார். அட்ராக்டாவும் மாலையில் வேலை முடிந்து அங்கே போய் உட்காருவாள். லொரெய்ன் நன்றாக டீ போடுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். ஜேட் அட்ராக்டாவின் மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வருவாள்.

"என்ன வச்சிருக்கேன், சொல்லுங்க."

"பென்சில் சீவல்."

"இது?"

"உன் தம்பியோட காலுறை. தூர எடுத்துட்டுப் போ, என் ஆயுசு குறையுது."

சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். வருகிறபோது வடக்கு அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பாள்.

எண்ணிக்கை நாள் வந்தது, போனது. மிஸ் ஓர்லாவின் வேலை தப்பியது. பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். டன்ஃபி பிள்ளைகள் நாலு பேருக்கும் பெரிய துண்டு.

அதற்குப் பிறகு டிராக்டர் வரவில்லை. முட்டை வரவில்லை. சந்தைக்குப் போகிற கார்களிலெல்லாம் திடீரென்று இடமில்லாமல் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் கையை உயர்த்தினார்கள், வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஹாலோவீன் அன்று எந்த வீட்டுக்கும் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. பேன் வந்தது. பேன் எல்லா வருஷமும் வருகிறதுதான், மலக்கியின் பேத்தி தலையில்தான் முதலில் அட்ராக்டா பார்த்தாள். ஆனால் பள்ளி வாசலில் தாய்மார்கள் பேசியது வேறு.

"டப்ளின்லருந்து வந்தது. நம்ம பக்கம் இதெல்லாம் ஏது?"

"காத்தடிச்சு வந்ததுங்க. காத்தடிச்சாப் போயிடும்."

"பேனையா சொல்ற, அதுகளையா?"

கொல்லென்று சிரித்தார்கள். அட்ராக்டாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. பெருக்குகிற சாக்கில் தூசியை அவர்கள் பக்கமாகத் தள்ளினாள்.

நவம்பர் கடைசியில் மரியாள் வேஷம் மாஸ்டரின் மச்சினி மகளுக்குப் போனது. டன்ஃபி பிள்ளைகள் நாலு பேருக்கும் ஆட்டு வேஷம்.

"மரியாள்னா நம்ம ஊர்லயே பொறந்து வளந்த பொண்ணா இருந்தாத்தான் பொருந்தும், ஜேட்," என்றார் மாஸ்டர். "பேச்சு வழக்கு இருக்குல்ல."

"மரியாளே அந்த ஊர்க்காரி இல்லியே, மாஸ்டர்," என்றாள் ஜேட். "அதனாலதானே தங்க இடம் குடுக்கல?"

மாஸ்டர் அவளைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்தார். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அட்ராக்டா தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். ஜேட் வாங்கிக்கொண்டு, "எங்க வீட்டுச் சுவரு கறுக்குது," என்றாள். "பின்னாடி ரூம்ல ஆரம்பிச்சு, இப்ப முன்னாடியும். கோடி ராத்திரியெல்லாம் நாய் மாதிரி கொரைக்கிறான்."

கோடை முடிந்து, இலையுதிர்காலமும் முடிந்திருந்தது. ஆள் வரவில்லை. அட்ராக்டா மலக்கியிடம் போய்க் கேட்டாள். "அந்தம்மா துணிய வீட்டுக்குள்ள காயப்போடுறா. சன்னலத் தொறக்கறதில்ல. சுத்தம் பத்தாது," என்றார் அவர். ஒரு வாரத்துக்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்த உண்மையாகிவிட்டது.

ஜனவரியில் கோடியை மூச்சுத் திணறலோடு ஸ்லைகோ நகர ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். திரும்பி வந்ததும் லொரெய்ன் வீட்டைச் சோதிக்கச் சொல்லி மாவட்ட மன்றத்துக்குப் புகார் கொடுத்தாள். மலக்கி அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"அதிகாரி வியாழக்கிழமை வர்றாரு. நீ அங்க இருக்கணும், அட்டி. சுத்தம்னா என்னன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? வீட்டைக் குடுத்தப்ப எப்படி இருந்தது, அவ எப்படி வச்சிருக்கா, அவ்வளவுதான் சொல்லப்போற. உன் வாயால சொன்னா முடிஞ்சுபோச்சு."

"வீட்ட விட்டு வெளிய போகச் சொல்வாரா?"

"அவளச் சொல்வாரு. எப்படியும் எனக்கு வீடு வேணும். ஈஸ்டருக்கப்புறம் சுற்றுலாக்காரங்களுக்கு விடலாம்னு இருக்கேன்."

"அப்ப அடுத்த எண்ணிக்கைக்கு?"

அவள் ஏன் அதைக் கேட்கிறாள் என்றே மலக்கிக்குப் புரியவில்லை. "டப்ளின்ல குடும்பத்துக்கா பஞ்சம்?" என்றார். "ஆகஸ்ட்ல வேற ஒண்ணப் பாத்துக்குவோம்."

அவர் வாயிலிருந்து சூடான சாண்ட்விச் வாசனை வந்தது. கடுகும் பன்றி இறைச்சியும். அதற்கப்புறம் அட்ராக்டா அந்த உணவைத் தொடவே இல்லை.

புதன்கிழமை மாலை டன்ஃபி வீட்டுக்குப் போனாள். அவள் மூக்குக்கு எதுவும் மறையாது. சமையலறையில் சோப்பு மணம், துடைத்த தரை, வெந்நீரில் அலசிய பாத்திரங்கள். மழையிலும் சன்னல்கள் திறந்திருந்தன. பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தன. கோடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டான். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே எங்கோ துருப்பிடித்த கதவு ஒன்று திறந்தது.

லொரெய்ன் கெட்டிலை வைக்கப் போனாள். "டீ வேணாம்," என்றாள் அட்ராக்டா. "ஒரு விஷயம் காட்டணும். வாங்க."

வடக்கு அறையில் அலமாரியை நகர்த்தினாள். எலுமிச்சை மஞ்சள் சாயம் கொப்பளித்திருந்தது. நகத்தை வைத்து இழுத்ததும், ஆறிய பாலின் ஏடு போல அகலமாக உரிந்து வந்தது. உள்ளே கறுப்பு, ஈரமாக, உயிரோடு.

"இது உங்களால வந்ததில்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. மேல சாயம் அடிச்சு மறைச்சது நான்தான்."

லொரெய்ன் சுவரைப் பார்த்தாள். பிறகு அட்ராக்டாவைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஆப்பிள்?"

"இந்த நாத்தத்த மறைக்க."

"கோடி மருந்தப் பாத்து யாருக்குன்னு கேட்டீங்களே. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"என் மேசையில எத்தன தடவ உக்காந்து டீ குடிச்சீங்க?" கத்துவாள் என்று அட்ராக்டா எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. "நல்ல மூக்கு உங்களுக்கு. எல்லாத்தையும் மோந்துட்டு, ஒண்ணும் சொல்லமாட்டீங்க. போங்க."

வாசற்படியில் ஜேட் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வழி விட்டு ஒதுங்கினாள், சுவரில் முதுகு படாமல்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தபோது மலக்கியும் மாஸ்டரும் குழுவில் பாதிப் பேரும் அந்த அறையில் இருந்தார்கள். அட்ராக்டா நடந்ததையெல்லாம் சொன்னாள். ப்ளீச், சாயம், குழாய், கூரைக் கல், ஆப்பிள், கிராம்பு. சாயத்தை இன்னும் ஒரு கை உரித்துக் காட்டினாள். யாரும் மறுக்கவில்லை. மாஸ்டர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் அட்டி," என்றார் மலக்கி கடைசியில், மிகவும் அன்பாக. "கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. யாராவது வீட்டுல கொண்டுபோய் விடுங்க."

ஆனால் சுவர் சொல்லிவிட்டது. அதிகாரி வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று தீர்ப்புக் கொடுத்தார். உண்மை வெளியே வந்தால் மலக்கி குழாயை மாற்றுவார், பையன் மூச்சு விடுவான் என்று அட்ராக்டா நினைத்திருந்தாள். லாயக்கில்லாத வீட்டில் யாரும் இருக்கக் கூடாது, அதனால் டன்ஃபி குடும்பம் மாதம் முடிந்ததும் வெளியேற வேண்டும் என்று ஆனது. டப்ளினில் ஹோட்டல் அறை தயாராக இருந்தது. அதே மாதிரி ஒற்றை அறை. மலக்கிக்கு வேண்டியது மலக்கிக்குக் கிடைத்துவிட்டது. அட்ராக்டாவே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று சொல்லத்தான், அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் போனாள். லொரெய்ன் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் திருநாள், கோரைச் சிலுவை, வேன்.

அவளை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. திட்டவும் இல்லை. அதைவிட மோசமாக, அன்பாக நடந்துகொண்டார்கள். கோயில் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு "எப்படி இருக்க, அட்டி? ஓய்வெடுத்துக்கோ" என்றார்கள். வீட்டு வாசலில் யாரோ ஆப்பிள் பலகாரம் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைத் தட்டோடு குப்பைக்குழியில் கொட்டினாள்.

"தட்டையும் சேத்தா?" என்றான் ஜார்லத்.

"தட்டையும் சேத்து."

"நல்ல தட்டு." அடுப்பில் கட்டி ஒன்றைப் போட்டுவிட்டுச் சொன்னான்: "அந்த நொண்டி ஆடு என்னாச்சு தெரியுமா? கடைசியா எண்ணினது நம்ம வீட்டுல, அப்பா அத அறுத்துட்டாரு. தன்னோடதுதானே, குறி செவப்பா இருக்கேன்னாரு."

"சிரிக்கச் சொல்றியா?"

"இல்ல. அன்னைக்கு நாமளும் அதத் தின்னோம். அதச் சொன்னேன்."

ஆகஸ்டில் வேறு குடும்பம் கிடைக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தது. மிஸ் ஓர்லா அழுவாள் என்று ஊரே கைக்குட்டையோடு காத்திருந்தது. அவளோ ஸ்லைகோ நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டாள். அங்கே அவளுக்கு ஒரு காதலன் இருந்தான், மூன்று வருஷமாகவே இடமாற்றம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொல்லத்தான் பயம். அந்தச் செய்தி வந்த அன்று அட்ராக்டா தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து, துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு மறுபடியும் குமட்டியது.

அதற்குப் பிறகு ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப ஊர்க்காரர்களுக்கே மனம் வரவில்லை. கார்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்து ஊருக்குத் திரும்பின. நாலாம் வருஷம் பூட்டிவிட்டார்கள். மூடுவிழாவுக்குச் சாண்ட்விச் செய்தார்கள், அழுதார்கள், டப்ளின்காரர்கள் கிராமத்தை அழிக்கிறார்கள் என்று மலக்கி பேசினார். பாதிரியார் வீட்டுக்குப் புதுக் குழாய், புதுக் கூரைக்கல், வாசலில் பூந்தொட்டி. சுற்றுலாக்காரர்கள் வாரக்கணக்கில் வந்து தங்கினார்கள். அதைச் சுத்தம் செய்ய அட்ராக்டாவைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்தாள். அங்கே நாற்றம் அதிகம், எல்லாம் நேர்மையான நாற்றம்.

பல வருஷம் கழித்து ஒரு நவம்பர் மாலை, வேலை முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் ஒலித்தது. தெரியாத எண். முதலில் ஒரு படம் வந்தது. ஒரு படுக்கையறைச் சுவர், சன்னலுக்குக் கீழே, வெள்ளைச் சாயத்தின் வழியாக ஊறி வருகிற கறுப்பு. அதன் கீழே எழுத்து.

"நான் ஜேட் டன்ஃபி. உங்க நம்பர உங்க அண்ணன்கிட்ட வாங்கினேன், ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள அரைமணி ஆக்கிட்டாரு. அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. கோடி இப்ப என்கூடத்தான் இருக்கான். நேத்து இந்த வீட்டுக்கு முன்பணம் கேட்டாங்க. சன்னலத் தொறந்து வச்சாச் சரியாயிடும்னு வீட்டுக்காரரு சொல்றாரு. படத்தப் பாத்து உள்ளதச் சொல்லுங்க. இது மேல அடிச்சு மறைச்சதா? இவன இங்க படுக்க வைக்கலாமா, கூடாதா? உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. கேக்க வேற ஆள் தெரியல."